முகத்தில் விழும் மங்கு: கணவனும் மனைவியும் தெரிந்துகொள்ள வேண்டியவை



குடும்ப நல முகாமுக்கு வரும் தாய்மார்களில் சிலர், கூட்டம் கலைந்த பிறகும் தயங்கி நிற்பார்கள். கிட்டே போய் விசாரித்தால் மெல்லக் கேட்பார்கள்: "நர்சம்மா, மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சதிலேருந்து மூஞ்சியிலே கறுப்புக் கறுப்பா விழுது. நிறுத்திடட்டுமா?"

கேட்டவர்கள் புத்திசாலிகள். கேளாமலே நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. நிறுத்திய சில மாதத்தில், கைக்குழந்தை இடுப்பில் இருக்க, அடுத்தது வயிற்றில் வந்துவிடும். அப்புறம் அந்தக் கர்ப்பத்திலேயே மங்கு முன்னைவிட அதிகமாகப் படரும். மங்கு போகட்டும் என்றுதானே மாத்திரையை விட்டது? மங்கும் போகவில்லை, வேண்டாத கர்ப்பமும் வந்து சேர்ந்தது. இன்னும் சிலர் மாத்திரையை விடமாட்டார்கள். கடையில் விற்கும் ஏதாவது ஒரு களிம்பை வாங்கி, யாருக்கும் தெரியாமல் ராத்திரி ராத்திரி பூசிக்கொள்வார்கள். இது அதைவிட மோசம். ஏன் என்பதைப் பின்னால் விரிவாகச் சொல்லுகிறோம்.

மங்கு என்பது என்ன?

நம் தோலின் மேலடுக்குக்கு அடித்தளத்தில், நிறம் தயாரிக்கும் சிறிய உயிரணுக்கள் இருக்கின்றன. இவை மெலனின் என்ற கருநிறப் பொருளைச் செய்து, பக்கத்திலுள்ள தோல் அணுக்களுக்குக் கொடுக்கின்றன. வெயிலில் இருக்கும் கெடுதியான கதிர்கள் உள்ளே இறங்காமல் இந்த மெலனின் தடுக்கிறது. உச்சிவெயிலில் களை எடுக்கிற நமக்கு இது இயற்கை கொடுத்த குடை. இன்னொரு சங்கதியும் கேளுங்கள்: வெள்ளைக்காரருக்கும் நமக்கும் இந்த உயிரணுக்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். நமக்கு அவை சுறுசுறுப்பாக வேலை செய்கின்றன, அவ்வளவே வித்தியாசம். ஆகவே கறுப்பு நிறம் ஒரு நோயல்ல. அதற்கு மருந்தும் தேவையில்லை.

சில இடங்களில் மட்டும் இந்த உயிரணுக்கள் அளவுக்கு மீறி வேலை செய்யும்போது அங்கே திட்டுத் திட்டாகக் கறுக்கிறது. இரண்டு கன்னத்திலும் வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தமாதிரி, நெற்றியில், மூக்குத்தண்டின்மேல், மேலுதட்டுக்கு மேலே பழுப்பாக, சாம்பல் கலந்த கறுப்பாகப் படர்ந்தால் அதைத்தான் மங்கு என்கிறோம். அரிக்காது, வலிக்காது, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. சிலர் இதை மங்கு சனியோடு முடிச்சுப் போட்டுப் பேசுவார்கள். பெயர் ஒற்றுமையைத் தவிர இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது.

மங்கு வருவதற்கு மூன்று காரணங்கள் கூடி நிற்கின்றன. முதலாவது வெயில். இரண்டாவது ஹார்மோன், அதாவது பெண்ணுடலில் மாதவிடாயையும் கர்ப்பத்தையும் நடத்திவைக்கும் சுரப்புநீர். மூன்றாவது குடும்ப வாகு. தாய்க்கு இருந்தால் மகளுக்கு வர வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடைப்பட்ட பெண்களுக்கு வருகிறது. ஆண்களுக்கும் வருவதுண்டு. உப்பளத்திலும் செங்கல் சூளையிலும் வேலை செய்கிறவர்களின் நெற்றியைப் பார்த்தால் தெரியும். அடுப்பனலும் மங்கைக் கூட்டுகிறது என்று தோல் மருத்துவர்கள் கருதுகிறார்கள்.

கர்ப்ப காலத்தில் கறுப்பது

கர்ப்பமான பெண்ணின் உடம்பில் ஹார்மோன்கள் பல மடங்கு பெருகுகின்றன. அதனால் முலைக்காம்பைச் சுற்றி நன்றாகக் கறுக்கும். தொப்புளிலிருந்து கீழ்நோக்கி ஒரு கறுப்புக் கோடு ஓடும். பலருக்கு முகத்திலும் மங்கு விழும். இதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. பிரசவமாகிச் சில மாதங்களில் பெரும்பாலும் தானாகவே மங்கிவிடும். சிலருக்கு முகத்தில் இருப்பது மட்டும் கொஞ்சம் தங்கும். அவர்களும் குழந்தை பிறந்து ஆறேழு மாதம்வரை அவசரப்படாமல் இருப்பது நல்லது.

வயிற்றுக் கோட்டைப் பார்த்துப் பிள்ளை ஆணா பெண்ணா என்று கணிக்கிற பாட்டிமார்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஆனால் ஒரு பேச்சை மட்டும் சும்மா விட முடியாது. "இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டா கொழந்தை கறுப்பாப் பொறக்கும்" என்ற பேச்சு அது. இதை நம்பி மாத்திரையைக் கூரையில் சொருகி வைத்துவிடும் கர்ப்பிணிகள் இன்றைக்கும் இருக்கிறார்கள். இரும்பு மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும். அது உண்மை. அதைப் பார்த்துத்தான் இந்தக் கதை பிறந்திருக்க வேண்டும். குழந்தையின் நிறம் தாய் தகப்பன் வழியாக வருவது. மாத்திரையால் கறுக்காது, குங்குமப்பூவால் சிவக்காது. மாத்திரையைத் தூக்கி எறிந்தால் தாய்க்கு ரத்தசோகை வரும். ரத்தசோகை உள்ள தாய்க்குப் பிரசவத்தில் உதிரப்போக்கு ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்து. இதைக் கணவன்மார்களும், முக்கியமாக மாமியார்மார்களும் மனதில் வைக்க வேண்டும்.

கருத்தடை மாத்திரையும் மங்கும்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாலா-என், கடைகளில் கிடைக்கும் மாலா-டி இரண்டிலும் ஓர் அட்டைக்கு 28 மாத்திரைகள். அதில் 21 மாத்திரைகளில் ஹார்மோன் இருக்கிறது. நிறம் மாறியிருக்கும் 7 மாத்திரைகள் இரும்புச்சத்து. "கறுப்பு மாத்திரை முழுங்கித்தான் மூஞ்சி கறுத்துச்சு" என்று சில பெண்கள் அந்த ஏழையும் கழித்துவிட்டு மீதியைச் சாப்பிடுகிறார்கள். அந்த ஏழும் மங்குக்குக் காரணமல்ல. அவை ரத்தம் ஊறுவதற்கும், நாள் கணக்குத் தவறாமல் இருப்பதற்கும் வைத்தவை.

ஹார்மோன் இருக்கும் அந்த 21 மாத்திரைகள் சிலருக்கு மங்கை உண்டாக்கும் அல்லது இருப்பதை அதிகமாக்கும் என்பது உண்மையே. இதை மறைத்துப் பேசுவதில் எங்களுக்கு விருப்பமில்லை. எல்லோருக்கும் வருவதில்லை. கர்ப்பத்தில் மங்கு விழுந்தவர்களுக்கும், வெயிலில் அதிகம் நிற்பவர்களுக்கும் வர வாய்ப்புக் கூடுதல். மாத்திரையை நிறுத்தினாலும் மங்கு மறுநாளே போய்விடாது. பல மாதம் இருக்கலாம், சிலருக்கு நின்றும் போகலாம்.

அப்படியானால் என்ன செய்வது? முதலில், எடுத்த அட்டையை முடியுங்கள். நடுவில் விடாதீர்கள். அதற்குள் கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து கிராம சுகாதார செவிலியரைப் பாருங்கள். "இது எனக்கு ஒத்துக்கலைங்க, வேற முறை சொல்லுங்க" என்று கேட்பது உங்கள் உரிமை. ஹார்மோன் இல்லாத முறைகள் இருக்கின்றன. காப்பர்-டி வளையத்தில் 5 ஆண்டு வேலை செய்வதும் இருக்கிறது, 10 ஆண்டு வேலை செய்வதும் இருக்கிறது. இரண்டிலும் ஹார்மோன் கிடையாது. அரசு தரும் சாயா மாத்திரையிலும் மேலே சொன்ன ஹார்மோன்கள் இல்லை. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று என்று சாப்பிட வேண்டியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி ஒரு ஹார்மோன் மருந்து. மங்கு தொல்லை இருப்பவர்கள் அந்த விஷயத்தை டாக்டரிடம் சொல்லிவிட்டே அதைத் தேர்ந்தெடுக்கலாம். நிரோத் எப்போதும் இருக்கிறது, அதற்குப் பக்கவிளைவு என்று சொல்லக்கூடியது மிகக் குறைவு. இனிக் குழந்தை வேண்டாம் என்று தீர்மானித்த குடும்பத்தில், கணவர் நவீன வாசக்டமி செய்துகொண்டால் மனைவி எந்த மாத்திரையையும் தொட வேண்டியதில்லை. தழும்பில்லாமல் சில நிமிடத்தில் முடிகிற சிகிச்சை அது. செய்த பிறகு மூன்று மாதம் நிரோத் உபயோகித்து, பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

பழைய முறையை விடுவதற்கும் புதிய முறையைத் தொடங்குவதற்கும் நடுவே ஒருநாள்கூட இடைவெளி விடாதீர்கள். எந்த நாளில் தொடங்குவது என்பதை நர்சம்மா நாட்காட்டியில் குறித்துக் கொடுப்பார்.

கடைக் களிம்பு செய்யும் கொடுமை

மங்குக்காரர்கள் ஏமாறுகிற இடம் இதுதான். ஆகவே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பக்கத்து வீட்டுப் பெண் ஒரு டியூப் காட்டுவாள். "ஒரு வாரத்திலே எப்படி ஆயிட்டேன் பாருக்கா!" என்பாள். அவள் பொய் சொல்லவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகத்தான் செய்யும். ஏனென்றால் அந்தக் களிம்பில் ஸ்டீராய்டு இருக்கிறது. பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்று பல பெயரில் இது வருகிறது. தோல் நோய்களுக்கு இவை நல்ல மருந்துதான், டாக்டர் சொன்ன இடத்தில், சொன்ன நாள்வரை பூசினால். மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் வெங்காயச் சருகுபோல மெலிந்துவிடும். உள்ளேயிருக்கும் ரத்தக் குழாய் சிவப்பு நூலாக வெளியே தெரியும். கூட்டம் கூட்டமாகப் பரு வரும். கன்னத்திலும் மோவாயிலும் ரோமம் முளைக்கும். வெயில் பட்டாலே முகம் பற்றியெரியும்.

இதைவிட ஒரு சூழ்ச்சி அதில் இருக்கிறது. களிம்பை நிறுத்தினால் ஓரிரு நாளில் முகம் சிவந்து, வீங்கி, எரிய ஆரம்பிக்கும். மறுபடி பூசினால் அடங்கும். "பார்த்தியா, இது இல்லாட்டி ஆகவே ஆகாது" என்று நினைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் பூசுவார்கள். குடிகாரருக்குக் காலையில் கை நடுங்குவதும், ஒரு மடக்குக் குடித்தால் நிற்பதும் எப்படியோ, அப்படித்தான் இதுவும். இப்படி மாட்டிக்கொண்டவர்கள் வெட்கப்படாமல் தோல் டாக்டரிடம் போக வேண்டும். எரிச்சலைத் தணித்துப் படிப்படியாக விடுவிக்க அவர்களுக்கு வழி தெரியும்.

மத்திய அரசு 2018-ஆம் ஆண்டில் இப்படிப்பட்ட ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. அத்தகைய மருந்தின் பெட்டியில் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள். எழுத்துப் படிக்கத் தெரியாதவர்களும் இந்தக் கோட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். சிவப்புக் கோடு போட்டதைச் சீட்டில்லாமல் நீட்டுகிற கடைக்காரர் உங்களுக்கு உபகாரம் செய்யவில்லை. படர்தாமரைக்கென்று கேட்டாலும் பல கடைகளில் இதே மாதிரி கலப்புக் களிம்பையே தருகிறார்கள். அதனால் படர்தாமரை அப்போதைக்கு அமுங்கிப் பிறகு உடம்பு முழுக்கப் பரவுகிறது.

இன்னொரு வகைக் களிம்பு இதைவிட அபாயமானது. தயாரித்தவர் விலாசம் இருக்காது, என்னென்ன சேர்த்திருக்கிறது என்ற விவரம் இருக்காது, எழுத்து எந்த நாட்டு எழுத்தென்றே புரியாது. பேன்சி ஸ்டோரிலும் சந்தையிலும் சின்ன டப்பாவில் கிடைக்கும். இவற்றில் பலவற்றில் பாதரசம் கலந்திருக்கிறது. பாதரசம் மெலனின் உண்டாவதைத் தடுப்பதால் முகம் வெளுக்கும். கூடவே அது தோல் வழியாக உடம்புக்குள் இறங்கிச் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். கர்ப்பிணி பூசினால் வயிற்றிலிருக்கும் சிசுவுக்கும், பாலூட்டும் தாய் பூசினால் பால் வழியாகக் குழந்தைக்கும் போகும். பூசிய முகத்தைத் துடைத்த துண்டு, படுத்த தலையணை வழியாகக்கூட வீட்டிலுள்ள குழந்தைகளுக்குப் பரவும்.

கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்தில் 2023-இல் வெளிவந்த செய்தி இதற்குச் சாட்சி. சிறுநீரில் புரதம் போய்க் கை கால் முகம் வீங்கி வந்த நோயாளிகள் சிலரை டாக்டர்கள் துருவி விசாரித்தபோது, அவர்கள் முகவெளுப்புக் களிம்பு பூசி வந்தது தெரிந்தது. களிம்பைப் பரிசோதித்ததில் பாதரசம் மிக அதிகமாக இருந்தது. பாதரசத்தின் கெடுதியிலிருந்து மக்களைக் காப்பதற்கென்று உலக நாடுகள் 2013-இல் மினமாட்டா உடன்படிக்கை செய்துகொண்டன. இந்தியாவும் 2018-இல் அதை ஏற்று உறுதி செய்தது. சட்டம் இருந்தும் டப்பா வருகிறது. வாங்குகிற நாம்தான் கவனிக்க வேண்டும்.

கண்டுபிடிக்க ஓர் எளிய குறிப்பு: "பூசும்போது தங்கம், வெள்ளி நகையில் படாமல் பார்த்துக்கொள்ளவும்" என்று கடைக்காரரோ, டப்பாவோ சொன்னால் அதைத் தொடாதீர்கள். பாதரசம் பட்டால் தங்கம் வெளுத்துப்போகும் என்பது நகை செய்யும் ஆசாரிகள் எல்லோருக்கும் தெரிந்ததே. தங்கத்துக்கு ஆகாதது கன்னத்துக்கு ஆகுமா?

வீட்டு வைத்தியம் பற்றியும் இரண்டு வார்த்தை. சோற்றுக்கற்றாழை, தயிர் போன்றவை பெரிய கெடுதி செய்யாது, மங்கையும் போக்காது. எலுமிச்சம்பழத்தைத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். அந்தச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் தீக்காயம்போல வெந்து, ஆறிய பிறகு முன்னைவிடக் கறுத்துவிடும். பீர்க்கங்கூட்டாலும் கல்லாலும் தினமும் பரபரவென்று தேய்ப்பதும் அப்படித்தான். தேய்க்கத் தேய்க்கத் தோல் கறுக்குமே தவிர வெளுக்காது. குங்குமமோ தலைச்சாயமோ ஒத்துக்கொள்ளாமல் அரிப்பெடுத்து அந்த இடம் கறுப்பதும் உண்டு. அரிப்புத்தான் அதற்கு அடையாளம். அப்போது அந்தப் பொருளை நிறுத்துவதே முதல் வைத்தியம்.

வெயிலைத் தடுப்பதே பாதி வைத்தியம்

எத்தனை உயர்ந்த மருந்து பூசினாலும், வெயில் பட்டால் மங்கு திரும்பி வந்துவிடும். ஆனால் வெயிலில் போகாதே என்று கூலிக்காரக் குடும்பத்துக்குச் சொல்லுவது எப்படி? ஆகவே முடிந்ததைப் பார்ப்போம்.

வெயில் எப்போது கடுமை என்று பார்க்கக் கடிகாரம் வேண்டாம். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கிற நேரமெல்லாம் கெடுதியான கதிர் அதிகம். நிழல் நீண்டிருக்கும் காலையிலும் சாயங்காலத்திலும் வெளிவேலையை முடிந்தமட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அகலமான விளிம்புள்ள பனையோலைத் தொப்பி நல்லது. முக்காடு போடுவதானால் நைந்த மெல்லிய துணி உதவாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மறுபக்கம் தெரியாத, நெருக்கமாக நெய்த, அடர்நிறப் பருத்தித் துணியாக இருக்கட்டும். நடவு நடும்போது வயல் தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கீழிருந்தும் முகத்தில் அடிக்கும். அப்போது தலைமேல் இருக்கும் தொப்பி மட்டும் போதாது. துணியைக் கன்னத்தோடு சேர்த்து மூக்குவரை சுற்றிக்கொள்ள வேண்டும். பேருந்துக்குக் காத்திருக்கும்போதும் குடை பிடியுங்கள். குடை பிடித்தால் ஊர் சிரிக்குமென்றால் சிரிக்கட்டும்.

வசதி உள்ளவர்கள் வெயில் தடுப்புக் களிம்பு பூசலாம். எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல் என்று போட்டிருப்பதை, முகத்துக்கும் கழுத்துக்குமாக இரண்டு விரல் நீளம் எடுத்துப் பூச வேண்டும். பொட்டுப்போல் தொட்டு வைத்தால் பிரயோசனம் இல்லை. வெளியே இருந்தால் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். தோல் நிறத்துக்குச் சாயம் கலந்த வகையில் இரும்பு ஆக்சைடு இருக்கும். அது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் தடுப்பதால் மங்குக்கு மேலும் நல்லது. வேர்வையில் குளித்து வேலை செய்கிறவருக்கு இதெல்லாம் நிற்காது என்பதுதான் என் அபிப்பிராயம். அவர்களுக்குத் துணியே மேல்.

டாக்டர் தரும் மருந்து

தோல் டாக்டர் மங்கின் ஆழத்தைப் பார்த்து மருந்து கொடுப்பார். மேலடுக்கில் இருக்கும் மங்கு சீக்கிரம் குறையும். ஆழத்தில் இறங்கிய மங்கு பிடிவாதமானது. ஹைட்ரோகுயினோன் என்ற மருந்து பல காலமாக உபயோகத்தில் இருக்கிறது. ராத்திரியில், மங்கு உள்ள இடத்தில் மட்டும், சொன்ன வாரக்கணக்குவரை பூச வேண்டும். டாக்டரைக் கேளாமல் வருஷக்கணக்கில் பூசினால் நீலம் பாய்ந்த கறுப்பு நிரந்தரமாக விழுந்துவிடும். ட்ரெட்டினாயின், அசெலாயிக் அமிலம் ஆகியவையும் கொடுப்பதுண்டு. ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் கலந்த களிம்பை டாக்டரே சில வாரத்துக்கு எழுதிக்கொடுக்கலாம். அது தீர்ந்ததும் அதே டியூபைக் கடையில் காட்டி மறுபடி வாங்குவதில்தான் வினை ஆரம்பிக்கிறது.

பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். தோல் அடியிலிருந்து புதிதாக வளர்ந்து மேலே வர ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கிறது. நிறம் ஏறிய பழைய தோல் உதிர்ந்து போக அந்த அவகாசம் வேண்டும். நாற்று நட்ட மறுநாள் கதிர் பார்க்க முடியுமா?

தம்பதியர் டாக்டரிடம் மறைக்கக் கூடாத செய்திகள் சில உண்டு. கர்ப்பமாக இருந்தாலும், நாள் தள்ளிப்போயிருந்தாலும், குழந்தைக்கு முயற்சி செய்துகொண்டிருந்தாலும் முதலிலேயே சொல்லுங்கள். ஹைட்ரோகுயினோனையும் ட்ரெட்டினாயினையும் கர்ப்பத்தில் தவிர்க்க வேண்டும். அசெலாயிக் அமிலத்தை வேண்டுமானால் டாக்டர் பார்த்துக் கொடுப்பார். பருவுக்காகக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சிசுவைக் கடுமையாக ஊனப்படுத்தும். அதைச் சாப்பிடும் பெண், தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து நிறுத்திய ஒரு மாதம்வரை கட்டாயம் கருத்தடை முறையில் இருக்க வேண்டும்.

மாலா-என், மாலா-டி சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும். பெரும்பாட்டுக்குக் கொடுக்கும் ட்ரானெக்சாமிக் அமிலம் என்ற மாத்திரையை இப்போது மங்குக்கும் கொடுக்கிறார்கள். அது ரத்தம் உறைவதற்கு உதவும் மருந்து. ஹார்மோன் மாத்திரையிலும் ரத்தக்கட்டு உண்டாகும் அபாயம் சிறிதளவு இருக்கிறது. இரண்டும் ஒன்று சேர்ந்தால் காலிலோ நுரையீரலிலோ ரத்தம் கட்டிக்கொள்ளலாம். "மாத்திரை சாப்பிடறதை எப்படி ஆம்பளை டாக்டர்கிட்டே சொல்றது" என்று வெட்கப்பட்டால், இந்த ஆபத்து டாக்டருக்குத் தெரியாமலே போய்விடும்.

மங்கு போலத் தோன்றி மங்காக இல்லாதவை

பரு, கொப்புளம், சிரங்கு, சூடு பட்ட காயம் ஆறிய இடத்தில் கறுப்பு நிற்பது மங்கல்ல. அது மாதங்கள் ஆகத் தானே மங்கும். கிள்ளாமல் இருந்தால் சரி.

கழுத்தின் பின்புறமும் அக்குளும் அழுக்குப் படிந்தமாதிரி தடித்துக் கறுத்தால் சோப்புப் போட்டுப் பயனில்லை. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது ஓர் அடையாளம். சர்க்கரை பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மணமாகிச் சில ஆண்டாகியும் குழந்தையில்லை, மாதவிடாய் ஒழுங்கில்லை, கழுத்தும் கறுத்திருக்கிறது என்றால் கட்டாயம் டாக்டரிடம் காட்ட வேண்டும். சினைப்பையில் நீர்க்கட்டிக் கோளாறு என்று சொல்லப்படுவது இப்படியும் தலைகாட்டும். எடையைக் குறைத்தால் கழுத்தும் தெளியும், மாதவிடாயும் சீராகக்கூடும். உடம்பு முழுவதும், ஈறும் நாக்கும்கூடக் கறுத்து, எடை குறைந்து அசதியும் சேர்ந்திருந்தால் தாமதிக்காதீர்கள்.

வெளுத்த அல்லது சிவந்த படை, அந்த இடத்தில் தொட்டாலும் சுட்டாலும் உணர்ச்சியில்லை என்றால் அது தொழுநோயாக இருக்கலாம். அதன்மேல் மங்குக் களிம்பு பூசி நாளைக் கடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். இதற்கு அரசு ஆஸ்பத்திரியில் கூட்டு மருந்து இலவசம். நோயின் அளவைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் பூரணமாகக் குணமாகும். சீக்கிரம் தொடங்கினால் கை கால் ஊனம் வராது.

கணவன்மார்களுக்கு

சில வீடுகளில் நடக்கும் பேச்சு இது:

"என்ன புள்ள, மூஞ்சி கரிச்சட்டி மாதிரி ஆயிடுச்சு? கல்யாணத்தப்போ எப்படி இருந்தே!"

"ரெண்டு புள்ளை பெத்து, வெயில்ல களை எடுத்தா இப்படித்தாங்க இருக்கும்."

அவர் விளையாட்டாகச் சொல்லியிருப்பார். அவள் மறுநாள் கோழி விற்ற காசில் டப்பா வாங்கி வந்துவிடுவாள். களிம்பு பூசும் பெண்களிடம் காரணம் கேட்டால், "அவரு ஒருநாள் அப்படிச் சொல்லிட்டாரு" என்பதுதான் அடிக்கடி வருகிற பதில். அந்த மங்கு எங்கேயிருந்து வந்தது? உங்கள் குழந்தையைச் சுமந்ததிலிருந்தும், உங்கள் குடும்பம் பெருகாதிருக்க அவள் விழுங்கும் மாத்திரையிலிருந்தும், உங்கள் காட்டு வெயிலிலிருந்தும்தானே? சந்தைக்குப் போகும்போது ஒரு நல்ல குடை வாங்கிக் கொடுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கூடவே போங்கள். கருத்தடை முறையை மாற்ற வேண்டும் என்றால், "நான் வாசக்டமி பண்ணிக்கிறேன்" என்று சொல்லவும் உங்களுக்கு இடமிருக்கிறது.

எங்கே போவது?

முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். தோல் சிறப்பு மருத்துவர் வேண்டுமென்றால் அங்கிருந்து அரசு தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ சீட்டு எழுதித் தருவார்கள். நகரத்து அழகு நிலையங்களில் திராவகம் வைத்துத் தோலை உரிப்பதும், லேசர் பிடிப்பதும் நம் போன்ற மாநிறக்காரர்களுக்குச் சில நேரம் மேலும் கறுப்பை உண்டாக்கிவிடும். தோல் டாக்டர் சொல்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

வரும்போது இதுவரை பூசிய களிம்புகள் எல்லாவற்றையும், தீர்ந்துபோன டியூப், காலி டப்பா உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். சாப்பிடும் மாத்திரை அட்டையும் இருக்கட்டும். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, பார்த்தால் டாக்டருக்குத் தெரிந்துவிடும். யாரும் திட்டமாட்டார்கள்.